கஞ்சாவுக்குச் சிறையா, சிகிச்சையா, கடையா: நெல்லைச் சீமைக்கு எது பொருந்தும்?

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் கூடவே கூடாது என்பார்கள். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்ததற்காக உங்கள் வீட்டுப் பையனை உள்ளே தள்ளலாமா என்று அவர்களிடமே கேட்டால் குரல் தணிந்துவிடும். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. புகைப்பவரை என்ன செய்வது, விற்பவரை என்ன செய்வது, மருந்துக்கு அனுமதிப்பதா, நாருக்காகப் பயிரிட விடுவதா, கடை திறப்பதா என்று ஒவ்வொன்றையும் தனியாக எடைபோட வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புகைப்பவருக்குச் சிறை வேண்டாம், விற்பனைக்கு அனுமதியும் வேண்டாம். மருந்துக்கான வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது, அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். நார்ப் பயிர் இந்த மண்ணுக்கு லாபம் தராது. ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதற்குக் காரணங்கள் கீழே.

இப்போதுள்ள தடை

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) கஞ்சா என்று சொல்வது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை மட்டுமே. நுனி சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்துக்குள் வராது. வடக்கே சில மாநிலங்களில் அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்க உரிமம் பெற்ற கடைகள் நடப்பது இதனால்தான். தமிழ்நாட்டில் அப்படிக் கடை கிடையாது.

தண்டனை எடையைப் பொறுத்தது. 1 கிலோ வரை 'சிறிய அளவு': ஓராண்டு வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் 10 ஆண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு': குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் 1 முதல் 2 லட்சம். வணிக அளவு வழக்கில் 37ஆவது பிரிவு குறுக்கே நிற்பதால் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். பயிரிட்டால் 10 ஆண்டு வரை சிறை. தொட்டியில் ஒரு செடி என்றாலும் ஒரு ஏக்கர் என்றாலும் அதே பிரிவுதான். வெறுமனே புகைத்ததற்கு 27ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை.

தாளில் பார்த்தால் கடுமையான சட்டம். நடைமுறையில் கிழியும் இடங்கள் மூன்று.

முதலாவது எடை. 20 கிலோதான் கோடு என்பது கடத்துபவருக்கும் தெரியும், அதனால் சரக்கைப் பிரித்து ஆளுக்குக் குறைவாகக் கொடுத்தனுப்ப முடிகிறது. பிடிபட்ட மூட்டையில் தண்டும் இலையும் விதையும் கலந்திருந்து அப்படியே எடை போட்டிருந்தால், 'பூ நுனி மட்டும் எவ்வளவு?' என்ற ஒரே கேள்வியில் வணிக அளவு வழக்கு ஆட்டம் காணும்.

இரண்டாவது நடைமுறை. உடம்பைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதிபதி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று 50ஆவது பிரிவின்படி சொல்ல வேண்டும். கையில் இருக்கும் பைக்கு அது பொருந்தாது. மாதிரி எடுப்பதை 52ஏ பிரிவின்படி நீதிபதி முன்னிலையில் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பெரிய கை தப்பிவிட வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், விசாரணை அதிகாரியிடம் 67ஆவது பிரிவின் கீழ் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு சாட்சியமும் மாதிரியும் சுத்தமாக இல்லாமல் வழக்கு நிற்பதில்லை.

மூன்றாவதுதான் எங்களை அதிகம் வருத்துவது. பெரிய சரக்கு ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருகிறது. சங்கிலியின் அந்த முனை இங்கிருந்து எட்டாத தூரம். இங்கே எளிதாகக் கிடைப்பவன் 20 கிராம் பொட்டலத்தோடு நிற்கும் பையன். ஓராண்டுச் சிறைக்கு அவன் போகாமலே இருக்கலாம், ஆனால் வழக்கில் பேர் ஏறிவிட்டாலே காவலர் தேர்வின் பின்னணிச் சரிபார்ப்பிலும் பாஸ்போர்ட் சரிபார்ப்பிலும் அது வந்து நிற்கும். போலீஸ், ராணுவம், வளைகுடா, கப்பல் என்று நான்கு வாசலை நம்பியிருக்கும் நம் பக்கத்து இளைஞனுக்கு அபராதத்தைவிடப் பெரிய தண்டனை அது.

தடைக்குச் சாதகமாக ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் மது அருந்துபவர்கள் 14.6 சதவீதம். பாங், கஞ்சா, செடியின் பிசினான சரஸ் எல்லாம் சேர்த்தே 2.8 சதவீதம்தான். எளிதில் கிடைக்காததும் பிடிபடும் பயமும் கூட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்பதை மறுக்க முடியாது. இன்னொரு பக்கம், கஞ்சாவுக்குக் கெடுபிடி கூடும்போது பையன்கள் வேறு பொருளுக்குத் தாவும் ஆபத்து இருக்கிறது. டேப்பெண்டடால் போன்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. கஞ்சாவைவிடப் பல மடங்கு கொடியது அது. மூச்சு நின்றுபோகலாம், நரம்பில் சீழ் பிடிக்கலாம், ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை தொற்றலாம்.

இந்த வட்டாரத்தில் அரிவாள் வெட்டுச் செய்தி வரும்போதெல்லாம் 'கஞ்சா போதை' என்று சொல்லி முடித்துக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. சாதிப் பகையில் திட்டமிட்டு நடந்த வெட்டுக்குப் போதையைக் காரணம் காட்டுவது உண்மையான காரணத்தைப் பார்க்கவிடாமல் செய்கிறது. கஞ்சாவை நாளைக்கே ஒழித்தாலும் அந்தப் பகை அப்படியே நிற்கும்.

புகைப்பவரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுப்பது

போர்ச்சுகல் 2001 ஜூலையில் இதைச் செய்தது. விற்பனை குற்றமாகவே தொடர்ந்தது. பத்து நாள் உபயோகத்துக்கு மேற்படாத அளவு வைத்திருந்தால் மட்டும் நீதிமன்றத்துக்குப் பதில் மூன்று பேர் கொண்ட ஆணையத்தின் முன் நிறுத்தினார்கள். சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்தவர்கள் அதில் உட்கார்ந்து, ஆள் அடிமையாகிவிட்டாரா அல்லது எப்போதாவது புகைப்பவரா என்று பார்த்து முடிவெடுப்பார்கள். கஞ்சாவுக்கு அங்கே அளவு 25 கிராம். பயந்தபடி உபயோகம் பெருகவில்லை, ஊசி வழி எச்.ஐ.வி. தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவர்களின் தலையாய பிரச்சினை ஹெராயின். கஞ்சாவுக்கு அதே பலன் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு நேர் எதிர் அனுபவம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துடையது. கஞ்சா அங்கே ஏற்கெனவே சட்டப்படி விற்பனையில் இருந்தது. 2021 பிப்ரவரியில் மற்ற போதைப்பொருட்களைச் சிறிய அளவில் வைத்திருப்பதற்கும் தண்டனையை எடுத்துவிட்டு, 100 டாலர் அபராதச் சீட்டைக் கொடுத்தார்கள். உதவி எண்ணை அழைத்தால் அபராதம் ரத்து. அழைத்தவர்கள் மிகக் குறைவு. சிகிச்சை மையங்களுக்கான பணமும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. 2024 செப்டம்பரில் மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள். போர்ச்சுகலில் ஆளை நேரில் உட்காரவைத்துப் பேசும் ஏற்பாடு முதலில் தயாராக இருந்தது. ஓரிகனில் தண்டனை முதலில் போனது, சிகிச்சை பின்னால் வந்தது. வித்தியாசம் முழுக்க இந்த வரிசையில்தான் இருக்கிறது.

நம் சட்டத்திலும் இப்படி ஒரு கதவு உண்டு. 64ஏ பிரிவின்படி, புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளான அடிமைப்பட்டவர், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 39ஆவது பிரிவின்படி, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்தால் முடியும். குறை எங்கே என்றால், விலக்கு 'அடிமைப்பட்டவருக்கு' மட்டுமே. கல்லூரி விடுதியில் முதல்முறை இழுத்துப் பார்த்துப் பிடிபட்டவன் அடிமை இல்லை, அதனால் அவனுக்கு விலக்கும் இல்லை. நோய் முற்றியவனுக்குத் திறக்கும் கதவு தொடக்கத்தில் இருப்பவனுக்குத் திறப்பதில்லை. திருத்த வேண்டிய முதல் இடம் இது.

இரண்டாவது திருத்தம் அளவில். சிறிய அளவு என்பதற்கு இப்போதுள்ள 1 கிலோ வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு தண்டனையை மட்டும் எடுத்துவிட்டால் விபரீதமாகிவிடும். நாளுக்கு 1 கிராம் புகைப்பவருக்கு 1 கிலோ என்பது இரண்டே முக்கால் ஆண்டுக்கு வரும். 5 கிராம் பொட்டலமாகக் கட்டினால் 200 பொட்டலம். தெருமுனையில் விற்பவன் முக்கால் கிலோவோடு நின்று 'சொந்த உபயோகம்' என்று சொல்லித் தப்பிவிடுவான். போர்ச்சுகலும் ஜெர்மனியும் 25 கிராம், கனடா 30 கிராம் என்று வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 25 கிராம் வரை சிகிச்சைக் குழு, அதற்கு மேல் விற்பனை என்ற சந்தேகத்தோடு வழக்கு என்று புதிய கோடு போட வேண்டும். சிறு பொட்டலங்கள், தராசு, கணக்குச் சீட்டு கூடவே இருந்தால் 25 கிராமுக்குள்ளும் விற்பனை வழக்குத்தான்.

மருந்து

இதில் அதிகம் விவாதிக்க எதுவும் இல்லை. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் 8ஆவது பிரிவே இடம் விட்டிருக்கிறது. 10ஆவது பிரிவின்படி மாநில அரசு உரிமம் வழங்கலாம். சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி என்ற பெயரில் கஞ்சா பழைய சரக்கு. நஞ்சுச் சரக்குகளுக்கான அட்டவணை ஈ(1)இல் அது இருப்பதால், சேர்ந்த மருந்தின் மேல் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, நஞ்சு நீக்கும் சுத்தி முறைகளையும் அளவையும் நவீன ஆய்வகச் சோதனையோடு பதிவுசெய்யும் வேலையை இந்த ஊரைவிட வேறெங்கே செய்ய முடியும்? ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் ஆராய்ச்சிக்காகச் செடியையே வளர்க்கிறது.

நவீன மருத்துவத்தில் உறுதியான சான்று உள்ள நோய்கள் சிலவே: குழந்தைகளின் அரிய வலிப்பு வகைகள் சிலவற்றுக்குச் செடியில் உள்ள போதை தராத பொருளான கன்னபிடயோல், புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கு டிஹெச்சி (போதை தரும் பொருள்) வகை மாத்திரை, தண்டுவட மரப்பு நோயில் தசை இறுக்கத்துக்கு வாய்த் தெளிப்பு. சர்க்கரை, புற்றுநோய் எல்லாமே தீரும் என்று விற்கும் எண்ணெய்க் குப்பிகளுக்கு இந்தச் சான்று துணை நிற்காது.

நாருக்காகப் பயிரிடுவது

டிஹெச்சி 0.3 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள, ஹெம்ப் எனப்படும் நார் ரகத்துக்கு உத்தரகண்ட் 2018இல் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. 14ஆவது பிரிவு நாருக்கும் விதைக்கும் பயிரிட இடம் தருகிறது. ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் விதி வகுத்தது. உடனே, வாழைக்கு விலை இல்லாத காலத்தில் நம் விவசாயிக்கும் இது கைகொடுக்காதா என்ற கேள்வி வருகிறது.

கைகொடுக்காது. முதல் காரணம் பகல் நீளம். கஞ்சா இனம் பகல் குறையும்போது பூக்கும் செடி. நார் ரகங்கள் நெடுநெடுவென்று வளர்வதற்கு 14 மணி நேரத்துக்கு மேற்பட்ட கோடைப் பகல் வேண்டும். இமயமலை அடிவாரத்தில் அது கிடைக்கும். திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வடக்கில் இருக்கிறது, இங்கே ஆனியில்கூடப் பகல் 12 மணி 40 நிமிடத்தைத் தாண்டாது. வடக்கத்தி விதையை இங்கே போட்டால் செடி முழங்கால், இடுப்பு உயரத்திலேயே பூத்துவிடும். நார் தண்டில் இருக்கிறது, தண்டு இல்லாவிட்டால் நார் எங்கிருந்து வரும்?

இரண்டாவது, சோதனை. பயிர் நின்ற நிலையில் மாதிரி எடுத்து 0.3ஐத் தாண்டியிருந்தால் வயலையே அழிக்க வேண்டும். ரகம் நிலைப்படாத விதையில் இது சகஜம். பயிர்க்கடன் வாங்கியவருக்கு அந்த நஷ்டத்தை யார் கொடுப்பார்கள்?

மூன்றாவது, காற்று. இது காற்றில் மகரந்தம் பரவும் செடி, ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனி. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுழலும் ஆடிக் காற்றில் மகரந்தம் கிலோமீட்டர் கணக்கில் போகும். மருந்துச் செடியும் நார்ச் செடியும் ஒரே தாலுகாவில் இருந்தால் இரண்டும் கெடும். தண்டை ஊறவைத்து நார் பிரிக்கக் குளத்து நீர் வேண்டும், ஊறிய நீரில் மீன் பிழைக்காது. தாமிரபரணிக் கால்வாய்களில் கலக்கும் கழிவு போதாதா?

மருந்துப் பயிரில் ஆசை உள்ளவர்களுக்கு நம்மிடமே ஒன்று இருக்கிறது. நிலாவாரை, சென்னா என்று சொல்கிறோமே, அது உலக மருந்துச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரிலேயே விற்கிறது. வானம் பார்த்த நிலத்தில் வரும், போலீஸ் உரிமம் வேண்டாம், இலையும் காயும் இரண்டுமே காசு. அரசு செலவழிக்க நினைக்கும் பணத்தை அதன் தரப்படுத்தலுக்குச் செலவழிக்கலாம்.

கடை திறப்பது

இதிலும் வகை உண்டு. கொலராடோ 2014 முதல் தனியார் வியாபாரத்துக்கு விட்டது. உருகுவே 2013இல் சட்டம் இயற்றி, பதிவுசெய்தவருக்கு மருந்துக் கடை வழியாக மாதம் 40 கிராம் வரை என்று கட்டுப்படுத்தியது. கனடா 2018 அக்டோபரில் திறந்தபோது சில மாகாணங்களில் அரசே கடை வைத்தது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் கடையே இல்லாமல் வயதுவந்த ஒருவருக்கு மூன்று செடியும் உறுப்பினர் சங்கமும் என்று போனது. தாய்லாந்து 2022 ஜூனில் தடைப் பட்டியலிலிருந்து செடியை எடுத்துவிட்டு விதிகளைப் பிறகு எழுதலாம் என்று விட்டது. தெருவுக்குத் தெரு கடை முளைத்த பிறகு 2025இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பி வந்தது.

நன்மைகள் உண்மையானவை. திறந்த இடங்களில் கைதுகள் சரிந்தன. பூஞ்சை, பூச்சிமருந்து, ஈயம் உண்டா என்று சோதித்த சரக்கு கிடைக்கிறது. பெரும்பாலான ஆய்வுகளில் பள்ளி வயதினரிடையே உபயோகம் பெரிதாக ஏறவில்லை. பெரியவர்களிடையே ஏறியது. தின்பண்ட வடிவில் விற்ற இடங்களில் குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்துத் தின்று மருத்துவமனைக்கு வந்தார்கள். புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும் போதை, தின்றால் ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஏறவில்லையே என்று இன்னொன்றைத் தின்பவர்தான் அவசர சிகிச்சைக்கு வருகிறார். செறிவும் கூடிவிட்டது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டிஹெச்சி 4 சதவீதம் அளவில் இருந்தது, இப்போது 15 சதவீதத்துக்கும் மேல். முழுத் தடை தேவையில்லை என்று 1894இல் ஆங்கில அரசின் இந்திய ஹெம்ப் போதைப்பொருள் ஆணையம் சொன்னதை எடுத்துக்காட்டுபவர்கள், அன்றைய சரக்கு இன்றைய சரக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புகைத்துப் பார்ப்பவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகிறார்கள். பதின்வயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர். தினமும் செறிவான சரக்கைப் புகைப்பவருக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

தமிழ்நாட்டில் கடை என்று வந்தால் அது டாஸ்மாக் போலத்தான் இருக்கும் என்பதை எல்லோரும் மனதுக்குள் ஒப்புக்கொள்கிறோம். 2003 முதல் அரசே சில்லறை விற்பனை செய்து, ஆண்டுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்க்கிறது. அந்த வருமானத்தை நம்பிப் பட்ஜெட் போட்ட பிறகு கடையைக் குறைக்க எந்த அரசுக்கும் மனம் வருவதில்லை. அரசுக் கடை இருந்தால் கள்ளச் சரக்கு ஒழியும் என்ற வாதமும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் சிதறியது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பாட்டிலைவிடப் பாக்கெட் மலிவு, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவிலும் வரி ஏறிய சட்டச் சரக்கை மலிவான கள்ளச் சரக்கு இன்னும் தோற்கடிக்கிறது. வரியைக் குறைத்தால் உபயோகம் பெருகும், கூட்டினால் கள்ளச் சந்தை வாழும். இதற்கு நடுவே சரியான புள்ளியைக் கண்டுபிடிக்கும் பொறுமை நம் நிர்வாகத்துக்கு இருக்கிறது என்று நாங்கள் நம்பவில்லை.

சாலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மதுவுக்கு ஊதிப்பார்க்கும் கருவி இருக்கிறது, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற அளவும் இருக்கிறது. கஞ்சாவுக்குக் கனடா ரத்தத்தில் அளவு வைத்திருக்கிறது. நான்குவழிச் சாலையில் நள்ளிரவில் நிறுத்திய லாரி ஓட்டுநரிடம் ரத்தம் எடுக்க நமக்கு ஏற்பாடு இல்லை. சிறுநீர்ச் சோதனை என்றைக்கோ புகைத்ததைக் காட்டுமே தவிர இப்போது போதையில் இருக்கிறாரா என்று சொல்லாது. தினமும் புகைப்பவருக்கு நிறுத்தி 30 நாள் வரைகூடச் சிறுநீரில் தெரியும். வளைகுடா நாடுகளில் உட்கொண்டதே குற்றம், கப்பல் வேலைக்கும் போதைச் சோதனை உண்டு. இங்கே கடை திறந்துவிட்டாலும் அந்தச் சோதனைகள் மாறப்போவதில்லை.

வரிசை எப்படி இருக்க வேண்டும்

சிகிச்சை முதலில். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மட்டும் போதாது, அம்பாசமுத்திரம், வள்ளியூர் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் வாரத்தில் நிச்சயித்த நாளில் ஆலோசகர் உட்கார வேண்டும். கஞ்சாவை விடவைக்க என்று அங்கீகரித்த தனி மாத்திரை எதுவும் இல்லை. பேச்சு சிகிச்சைதான் மருந்து, அதற்கு ஆள் வேண்டும், கட்டடத்தைவிட ஆள் முக்கியம். அதற்குப் பிறகு 25 கிராம் கோடு, 64ஏ பிரிவை முதல்முறை பிடிபட்டவருக்கும் விரிக்கும் திருத்தம். அது மத்திய சட்டம் என்பதால் நாடாளுமன்றத்தில் நடக்க வேண்டும், ஆகவே வாக்குக் கேட்டு வரும் எம்.பி. வேட்பாளரிடம் இதைக் கேளுங்கள். கடை பற்றிய பேச்சு இவை நடந்து, பலன் தெரிந்த பிறகு.

அதுவரை, வீட்டில் ஒரு பையன் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியவை இவை. நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும், அடித்துத் திருத்தும் நேரம் அதுவன்று. விடாத வாந்தியும் சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் சுகமும் இருந்தால் நீண்ட நாள் உபயோகத்தால் வரும் கோளாறாக இருக்கலாம், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்றால் அன்றைக்கே மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய எண்ணும், மனநல உதவிக்கு 14416 எண்ணும் இருக்கின்றன.

வழக்குப் பதிவாகிவிட்டால், மகஜரில் (பறிமுதல் விவரப் பதிவில்) எழுதிய எடையின் நகலை முதலில் வாங்குங்கள். எடை 1 கிலோவுக்குள் இருந்து பையன் அடிமைப்பட்டிருந்தால், அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் சேர்த்து, சான்றிதழ் பெற்று, வழக்கறிஞர் மூலம் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் 64ஏ பிரிவின்கீழ் மனுப் போடச் சொல்லுங்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அதனால் வெளிநோயாளிச் சீட்டு, ஆலோசகரைப் பார்த்த தேதி, சோதனை முடிவு என ஒவ்வொரு தாளையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.